நாயின் நெற்றியில் பொட்டு

சர்க்கரை கூடிவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்று தலவாக்கலை டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. டயகமப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளைப் பார்த்து நடக்கச் சொல்கிறாரே என்று. ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைமடுவத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்க அந்த ஒரே கூரைக்குள்தான் இருப்பேன். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறார். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், என் ஒற்றை அறைக் காம்பராவில் நானும் டிவியும்தான்.

அதனால் ஞாயிறு காலைகளில் நடக்கத் தொடங்கினேன். துணைக்கு ஒரு நாய். யாருடையது என்று தெரியாது. மழைக்காலத்தில் வாசலில் வந்து படுத்த குட்டி, அப்படியே தங்கிவிட்டது. செம்பட்டை நிறம். ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். பெயரெல்லாம் வைக்கவில்லை. "டேய்" என்றால் வரும்.

லயத்துக்குப் பின்னால் தேயிலை மலை ஏறி, உச்சியில் பைனஸ் காட்டுக்குள் நுழைந்து, மறுபக்கம் ஆற்றுப் பள்ளத்தில் இறங்கி, இரும்புப் பாலத்தைத் தாண்டி, கீழ் ரோட்டு வழியாக வீடு திரும்புவோம். காலில் அட்டை ஏறாமலிருக்க உப்பும் எலுமிச்சையும் பூசிக்கொள்வேன். பைனஸ் காட்டில் குருவிச் சத்தம்கூட இருக்காது. உதிர்ந்த ஊசி இலைகள் மெத்தை மாதிரி கிடப்பதால் நம் காலடியே நமக்குக் கேட்காது. மூடுபனி இறங்கிவிட்டால் முன்னால் போகும் நாயின் வால் மட்டும்தான் தெரியும்.

ஆரம்பத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காட்டின் நடுவே பாதை வளைகிற இடத்தில் நாய் நின்றது. இடது பக்கம் பார்த்தது. யாரோ கூப்பிட்ட மாதிரி காதைத் தூக்கியது. பிறகு குரைக்காமல், ஓடாமல், நிதானமாக மரங்களுக்குள் இறங்கிப் போய்விட்டது. நான் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். வரவில்லை. இந்தப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் உண்டு. நாயென்றால் அதற்குக் கொள்ளை ஆசை. இனி இது திரும்பாது என்று நினைத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினேன்.

பாலத்தின் நடுவில் அது உட்கார்ந்திருந்தது. எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது. நெற்றியில் வட்டமாக ஒரு பொட்டு. விரலால் தொட்டேன். ஈரக் குங்குமம்.

அடுத்த வீட்டுத் தங்கச்சியிடம் சொன்னேன். கொழுந்து பறிக்கிறவள், எதற்கும் லேசில் பயப்படாதவள். கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.

"அந்த வளைவுக்குக் கீழயா அக்கா? அது தோட்டத்தோட பழைய டிவிசன். மண்ணு சரிஞ்சதுக்கு அப்புறம் சனங்கள எல்லாம் கீழ எறக்கிட்டாங்க. இப்ப அங்க யாருமே இல்ல."

"யாரும் இல்லாம யாரு பொட்டு வைப்பா?"

"அதத்தான் நானும் கேக்குறேன். இனிமே அங்குட்டுப் போகாதீங்க. நடக்கணும்னா ரோட்டுல நடங்க."

போகாமலிருக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறும் நாய் அதே வளைவில் இறங்கியது, பாலத்தில் பொட்டோடு காத்திருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. வீட்டுக்கு வந்ததும் துணியை நனைத்துத் துடைத்துவிடுவேன். துடைக்கும்போது நாய் கண்ணை மூடிக்கொள்ளும். அப்படிக் கண்ணை மூட அது எங்கே பழகியது என்று நினைக்கையில் எனக்குக் கை கூசும்.

பயத்தோடு வாரா வாரம் இருப்பதைவிட ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஒருநாள் நாயின் கழுத்தில் கயிறு கட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு, வளைவில் அதன் பின்னாலேயே இறங்கினேன்.

பைனஸ் மரங்கள் முடிந்ததும் தேயிலை வந்தது. ஆனால் நமக்குத் தெரிந்த தேயிலை இல்லை. வருசக்கணக்கில் வெட்டாமல் விட்டதால் எல்லாம் மரமாக வளர்ந்து, தலைக்கு மேலே கிளைகள் கோத்துக்கொண்டு நின்றன. இடுப்பளவில் பார்த்துப் பழகிய செடிக்கு அடியில் குனிந்து நடப்பது, அளவு மாறிப்போன ஏதோ இடத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. வழியில் கயிறு ஏதோ ஒரு கிளையில் மாட்டிக்கொண்டது. குனிந்து எடுப்பதற்குள் நாய் கழுத்தை உருவிக்கொண்டு போய்விட்டது. வெறும் கயிறு என் கையில் இருந்தது.

திரும்பிப் போவதற்கும் வழி சரியாகத் தெரியவில்லை. கீழே இறங்கினேன். மரங்கள் விலகி, ஒரு லயம் தெரிந்தது. கூரைத் தகரம் இல்லை. பாதிக் காம்பராக்களை மண் கொண்டுபோயிருந்தது. மிச்சமிருந்த சுவர்களில் செடி முளைத்திருந்தது. ஆனால் கடைசிக் காம்பராவின் வாசல் மட்டும் கூட்டியிருந்தது. ஈர மண்ணில் விளக்குமாறு இழுத்த கோடுகள் அரைவட்டம் அரைவட்டமாக, இப்போதுதான் கூட்டிய மாதிரி. அதன் மேல் ஒரு காலடித் தடமும் இல்லை. வாசற்படியில் ஒரு மண்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அப்போது சுவருக்குப் பின்னாலிருந்து விளக்குமாறோடு ஒரு ஆள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். என்னைப் பார்த்து அவரும் பயந்துபோய் ஓரடி பின்னால் வைத்தார்.

"யாருங்க நீங்க?"

நாயைத் தேடி வந்ததாகச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது.

"அந்தச் செம்பட்ட நாயா? ஒரு காது மடிஞ்சிருக்குமே. அதுக்குப் பொட்டு வச்சு விடுறது நீங்கதானுங்களா?"

நான் கேட்க வந்த கேள்வியை அவர் கேட்டுவிட்டார்.

"நான் இல்லீங்க. நீங்கதான் வைக்கிறீங்கன்னு நெனச்சு வந்தேன்."

விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் படியில் உட்கார்ந்தார். ஹட்டனில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை என்றார். ஞாயிற்றுக்கிழமை லீவு. முன்பு இந்தக் காம்பராவில்தான் அவரும் மனைவியும் இருந்தார்கள். பெரிய மழை பெய்த ஒரு காலையில் மனைவி மலை ஊற்று வந்து விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனார். கூடவே அவர்கள் வளர்த்த நாயும் போனது. மலை சரிந்து பீலியை மூடிவிட்டது. எத்தனையோ பேர் வந்து தோண்டினார்கள். கிடைக்கவில்லை.

"அதான் வந்து கூட்டி, ஒரு வெளக்கு வச்சிட்டுப் போவேன். அவ வாசல் கூட்டாம இருக்க மாட்டாளுங்க."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "குளிச்சிட்டு அவ பொட்டு வைக்கிறப்ப நாய்க்கும் ஒண்ணு வச்சு விடுவா. ஏன்டி, அதுக்கெல்லாமா பொட்டுன்னு சொல்லுவேன். கேக்க மாட்டா."

"இது அந்த நாயா இருக்குமோ?"

"இல்லீங்க. அது கறுப்பு. அவளோடயே போயிருச்சு. இது சின்ன நாய். இந்த எடம் இதுக்கு எப்புடித் தெரியும்?"

லயத்தின் முனையிலிருந்து நாயின் முனகல் கேட்டது. தெரிந்தவர்களைப் பார்த்தால் நாய்கள் போடுமே, அந்தச் சந்தோச முனகல். அவர் எழுந்தார். நானும் பின்னால் போனேன். தனியாக அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

லயம் முடிகிற இடத்தில், பழைய பீலி இருந்த பக்கம், மலையின் விலா கிழிந்து கிடந்தது. அந்தப் பிளவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டி நாய் உட்கார்ந்திருந்தது. வால் ஆடியது. அதற்கு எதிரே மண்ணும் தண்ணீரும் தவிர வேறெதுவும் இல்லை. அது முகத்தை மேலே தூக்கியது. பிறகு, நான் துடைக்கும்போது செய்வதுபோலவே, தலையைத் தாழ்த்தி அசையாமல் இருந்தது. பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து அதை மறைத்தது. சொட்டுகிற சத்தம் நின்ற மாதிரி இருந்தது. உண்மையிலேயே நின்றதா, என் காது அடைத்ததா, தெரியவில்லை.

அவர் பனியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "நான் வந்திருக்கேன்."

பதில் எதுவும் வரவில்லை. பனியிலிருந்து நாய்தான் வெளியே வந்தது. நெற்றியில் பொட்டு.

அவர் முழங்காலில் உட்கார்ந்து அதன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அழவில்லை. பெருவிரலால் அந்தக் குங்குமத்தைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பாலம்வரை கொண்டுவந்து விட்டார். பாலத்தில், "பயந்துட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நானும்தான். கட்டுன பொண்டாட்டியப் பாத்து பயப்படுறது எனக்கே ஒரு மாதிரியா இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு நான் வெளியே போகவில்லை. மூன்றாவது ஞாயிறு போனேன். வளைவு வந்ததும் நான் நின்றுவிட்டேன். நாயோ இடது பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மரத்தை மோந்து பார்த்து, காலைத் தூக்கிவிட்டு, பாதையோடு நடந்தது. பிறகு எந்த ஞாயிறும் அது அங்கே இறங்கவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியை எடுத்துவிட்டு, துடைக்க ஒன்றுமில்லாமல் நிற்பேன்.

சில மாதம் கழித்து மருந்து வாங்க ஹட்டனுக்குப் போனபோது பஸ் ஸ்டாண்டில், வாசல் கூட்டிய அந்த மனிதரைப் பார்த்தேன். முதலில் கேட்டது நாயைப் பற்றித்தான்.

"இப்பயும் பொட்டு வருதுங்களா?"

"இல்லீங்க. அந்தப் பக்கம் போறதையே விட்டுருச்சு."

அவர் தலையசைத்தார். அவர் மட்டும் இன்னும் போய்க் கூட்டிவிட்டுத்தான் வருகிறாராம். பஸ்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு ஏறினார்கள்.

"அப்ப அவ போய்ச் சேந்துட்டாளா," என்று கேட்டார், "இல்ல நான் கூப்பிட்டது புடிக்கலையா?"

தெரிந்த மாதிரி எதையாவது சொல்ல மனம் வரவில்லை. "எனக்குத் தெரியலீங்க" என்றேன். அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இருங்க என்று பக்கத்துக் கடைக்குப் போய், மீன் வைத்த மாலு பனிஸ் ஒன்று வாங்கித் தாளில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார்.

"நாய்க்குக் குடுங்க."

வீட்டுக்கு வந்து வாசலில் வைத்தேன். நாய் ஓடி வந்து தாளைப் பிரிக்கக்கூடப் பொறுக்காமல் கவ்விக்கொண்டு, எங்கள் லயத்துப் பீலிப் பக்கமாகப் போய் உட்கார்ந்து தின்றது.