தராசுக்காகப் பட்டினி

உயரமான கட்டடங்களின் கண்ணாடியைத் துடைப்பவர் அவர். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் ‘தொண்ணூத்தொம்பது’. அவர்கள் கம்பெனியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் எடை பார்ப்பார்கள். நூறு கிலோவைத் தாண்டியவனுக்குத் தொங்குமேடையில் இடமில்லை. கீழே போய்த் தரை துடைக்க வேண்டியதுதான். சம்பளமும் பாதி, மரியாதையும் பாதி. நம்மவரோ ஒவ்வொரு தடவையும் சொல்லிவைத்த மாதிரி தொண்ணூற்றொன்பதில் வந்து நிற்பார்.

ரகசியம் ஒன்றுமில்லை, பட்டினிதான். ஒரு தடவை வெறும் முட்டைக்கோஸ் சூப். அடுத்த தடவை அவித்த முட்டை மட்டும். போனில் எவனோ சட்டையில்லாமல் நின்று சொன்னான் என்று ஒரு தடவை எலுமிச்சைச் சாறு. எடை பார்த்த அன்று சாயங்காலமே, காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் புகுந்த கதை. அடுத்த மாதம் பழைய குருடி கதவைத் திறடி; போன கிலோக்கள் துணைக்கு இன்னும் ஒரு அரைக் கிலோவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரும். ஆறு வருடத்தில் நூற்றொன்று நூற்றேழு ஆனது. ஒரு வாரப் பட்டினி மூன்று வாரமானது.

கம்பெனி நர்ஸம்மா உட்காரவைத்துச் சொல்லிப் பார்த்தார். “வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. தட்டுல பாதி காய் இருக்கட்டும். ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடந்து வாங்க. மாசத்துக்கு ஒரு கிலோ குறைஞ்சா போதும், அது நிலைக்கும். பதறாத காரியம் சிதறாது.”

“மாசத்துக்கு ஒரு கிலோவா? அதுக்குள்ள ரிட்டையரே ஆயிடுவேன் நர்ஸம்மா!” என்று சிரித்துவிட்டு வந்தார். சிரிப்புக்கு ஒன்றும் குறைச்சலில்லை, புத்திக்குத்தான் பஞ்சம்.

மேடையில் அவருக்கு ஜோடி அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. வீட்டில் நாலு மாதக் கைக்குழந்தை இருக்கிறது அவனுக்கு. மேடையின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு மோட்டார், ஆளுக்கொரு பொத்தான். இருவரும் சேர்ந்து அமுக்கினால்தான் மேடை சமமாக ஏறும்.

இந்தத் தடவை, எடைக்கு முந்தின நாள் காலை. இருபது நாளாக வயிற்றில் ஈரத்துணி. பதினாலாம் மாடியைத் தாண்டும்போது எதிர்க் கண்ணாடியில் தன் முகம் இரண்டாகத் தெரிந்தது. அப்புறம் எதுவும் தெரியவில்லை. கை பொத்தானிலிருந்து நழுவ, அவர் பக்கம் நின்றுவிட்டது. மச்சினன் பக்கம் ஏறிக்கொண்டே போனது. வாளிகள் சரிந்து வந்து அவர்மேல் மோதின. மச்சினன் பதறிக் கையை எடுப்பதற்குள் மேடை ஏணி மாதிரி சாய்ந்திருந்தது. இடுப்புக் கயிறுகள்தான் இருவரையும் பிடித்து வைத்தன.

“மாமா! கண்ணத் திறங்க மாமா!”

திறந்தார். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. மச்சினன் தன் முனையை இறக்கி மேடையைச் சமப்படுத்தினான். பிறகு இந்த முனையில் ஒரு முழம் இறக்குவான், தவழ்ந்து அவரைத் தாண்டிப் போவான், அந்த முனையில் ஒரு முழம் இறக்குவான். தரை வரைக்கும் இப்படியே ஒரு மணி நேரம். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கீழே கால் பட்டதும் அவர் சொன்ன முதல் பேச்சைக் கேளுங்கள். “வெயில்ல மயக்கம்னு சொல்லிடு மாப்ளே. நாளைக்கு எடை இருக்கு.” அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

மறுநாள் தராசு தொண்ணூற்றெட்டே முக்கால் காட்டியது. சூப்பர்வைசர் குறித்துக்கொண்டு நிமிர்ந்தார். “நேத்து வெயில்ல மயங்கிட்டாராமே. சரி, இன்னைக்கு இவரோட யாரு ஏறுறீங்க?”

அறையில் ஏழு பேர் இருந்தார்கள். சாய்ந்த மேடையைக் கீழேயிருந்து பார்த்தவர்கள். ஒருவர் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். ஒருவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது.

கடைசியில் ஒரு கை உயர்ந்தது. மச்சினன். அக்கா புருஷன் நாலு பேர் முன்னால் கூனிக்குறுகுவதைப் பார்க்கச் சகிக்காமல் தூக்கிய கை. முகத்தில் ஈயாடவில்லை.

அவர் தராசிலிருந்து இறங்கிப் போய் அந்தக் கையைப் பிடித்துத் தாழ்த்தினார்.

“வெயில் இல்ல சார், பட்டினி. என்னைத் தரை துடைக்கப் போட்டுடுங்க.”

“மாமா, நான் வர்றேன்னு...”

“சும்மா இரு மாப்ளே. நீ வருவேன்னு தெரியும். அதான் பயமா இருக்கு.”