பிளந்துபோன நாடா

மலைப்பேருந்து கச்சிராயபாளையத்தைத் தாண்டி ஏறத் தொடங்கியபோது என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவள் சென்னை ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் திருக்கோவிலூர்க்காரி. நாங்கள் செய்த உலோக நாடா வாழைமட்டை போல உரிந்து கிடந்தது.

மின்சாரம் தடையில்லாமல் ஓடும் மீக்கடத்தியை அந்த நாடாவின் மேல்தான் பூச வேண்டும். அதற்கு நாடாவின் படிகங்கள் எல்லாம் ஒரே திசை பார்த்து நிற்க வேண்டும். நிக்கலில் டங்ஸ்டன் குறைவாக இருந்தால் அப்படி நிற்கும், ஆனால் இழுத்தால் நீண்டுவிடும். அதிகம் கலந்தால் உறுதி வரும், வரிசை கெடும். ஆகவே உறுதியானதை நடுவில் வைத்து, மென்மையானதை இருபுறமும் அடுக்கி, சேர்த்து உருட்டினோம். போன வாரம், உலையில் வைக்கும் முன், இழுத்துப் பார்த்ததில் தாங்கியது. எல்லோருக்கும் இனிப்பு கொடுத்திருந்தோம்.

உடனே அவளை அழைத்தேன்.

"உலைல இருந்து எடுத்து லேசா வளைச்சேன். தனித்தனியா வந்துடுச்சு."

"எந்தத் துண்டு?"

"எல்லாமே."

சிக்னல் போய்விட்டது. பக்கத்தில் இருந்த அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா, யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லப்பா. டேப்பு பிரிஞ்சிடுச்சு."

"அட, நான் சாவு சேதின்னு பயந்துட்டேன்" என்று பெருமூச்சு விட்டார். எனக்கு அது ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

மலை மேல் மாதா கோயிலில் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். அவள் தாலி கட்டிக்கொண்டதைப் பார்த்தேன் என்கிறார்கள். எனக்கு நினைவில்லை. பிரியாணியைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

இறங்கும்போது கோமுகி அணைப் பக்கம் சிக்னல் கிடைத்தது. ஆய்வுக்கூடத் தோழியே அழைத்தாள்.

"ஒட்டற எடத்துல ஆக்ஸைடு படிஞ்சிருக்குது. அதான் புடிக்கல."

"மேல் அடுக்கு?"

"அத எக்ஸ்ரேல வெச்சுப் பாத்துக்கினு இருக்கேன். இவ்ளோ சுத்தமான வரிசை நமக்கு வந்ததே இல்லடி."

காலையில் வந்த அதிர்ச்சியே இன்னும் இறங்கவில்லை. அதன் மேல் இது. "சரி" என்றேன்.

அடுத்த தடவை அடுக்குகளை நன்றாகச் சுத்தம் செய்து, வெற்றிடத்தில் சூடாக்கி அழுத்திய பிறகே உருட்டினோம். உலையிலிருந்து வந்த நாடாவை வளைக்க எனக்குத் துணிவில்லை. அவள்தான் வளைத்தாள். பிரியவில்லை. திருப்பி வளைத்தாள். அப்போதும் பிரியவில்லை. நாங்கள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு இருவரும் உட்கார்ந்தோம்.