கதிரை போடுகிற குணேஸ்வரி

பதினோராவது கதிரையை இழுத்து வைத்துவிட்டு, குணேஸ்வரி ஒரு தரம் சுற்றிப் பார்க்கிறார். பிறகு நடுவில் கிடக்கும் மேசையைத் தூக்கச் சொல்கிறார். மேசை எங்கே போனாலும் அவருக்குக் கவலையில்லை, வட்டத்துக்குள் மட்டும் இருக்கக்கூடாது. "மேசை கிடந்தா ஆராவது ஒராள் அதுக்குப் பின்னால இருந்து அதிகாரி மாதிரிக் கச்சேரி நடத்தத் தொடங்கிடுவார்" என்பார்.

ஓர்ஸ் ஹில் இறக்கத்தில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் நண்டுப் பட்டறை அது. அவித்த நண்டை உடைத்துச் சதையெடுத்து, டப்பாவில் அடைத்து, ஐஸ் போட்டுக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். குணேஸ்வரியோடு சேர்த்துப் பத்துப் பெண்கள். பாதிப் பேர் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள், மீதிப் பேர் லிங்கநகர்ப் பக்கம். கடைசி ஆளாக நின்று, சதையை நீல வெளிச்சத்தில் பரப்பி, ஓட்டுத் துண்டு கிடக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது குணேஸ்வரியின் வேலை. ஐம்பத்திரண்டு வயதாகியும் கண்ணாடி போடமாட்டார். "கண்ணை விட என்ர விரல் நல்லாப் பாக்கும்" என்று ஒரு பெருமை. நண்டை மட்டும் வாயில் வைப்பதில்லை. மத்தியானம் பருப்பும் சோறும்தான்.

எப்போதோ ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தவர். அங்கே கொடுத்த சான்றிதழ் எங்கே கிடக்கிறதென்று அவருக்கே தெரியாது. மூன்று கேள்விகளை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டார். பட்டறைக்குள் ஒரு பிணக்கு என்றால், சனிக்கிழமை வேலை முடிந்ததும் வட்டமாகக் கதிரை. முதலில் எல்லோருக்கும் ஒரே கேத்தலிலிருந்து தேத்தண்ணி. பிறகு வலையில் கட்டுகிற பழைய மிதவை ஒன்று கைக்குக் கை போகும். அது யார் கையிலோ, அவர்தான் கதைக்கலாம். "என்ன நடந்தது? ஆருக்கு நொந்தது? இனி என்ன செய்தாச் சரிவரும்?" இவ்வளவுதான். மன்னிப்பை முதலில் கேட்க விடமாட்டார். "அது பிறகு. முதல்ல நடந்ததைச் சொல்லுங்கோ." "இவ எப்பவும் இப்பிடித்தான்" என்று யாராவது ஆரம்பித்தால், "எப்பவும் எண்டதை வெளியில செருப்போட விட்டிட்டு வாங்கோ" என்பார்.

முதலாளி ஸஹாப்தீனுக்கும் இதே கதிரைதான், அதிலும் கால் ஆடுகிற கதிரை. ஒருமுறை பட்டறையின் நண்டோட்டுக் கழிவு பக்கத்து வீட்டு நல்லம்மாவின் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் கொட்டுப்பட்டு நாறிப்போனது. நல்லம்மாவையும் கூப்பிட்டு வட்டத்தில் இருத்தினார் குணேஸ்வரி. கதைத்து முடிந்தபோது, மூன்று நாள் அந்த ஒழுங்கையைக் கூட்டுவதாக முதலாளியே ஒப்புக்கொண்டிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டித்தான் விட்டார். அதிலிருந்து குணேஸ்வரி கதிரை போட்டால் மறுகதை இல்லை.

மறுகதை இல்லாமல் போனதுதான் ஷிஃபானாவுக்கு வினையாயிற்று. ஷிஃபானா கிண்ணியாப் பிள்ளை. பட்டறையில் நண்டு உடைக்கிறவர்களில் அவளுடைய கைதான் திறமான கை. ஒவ்வொருத்தியின் தட்டிலும் இலக்கம் அடித்த மஞ்சள் டோக்கன் ஒன்று இருக்கும். டப்பாவிலும் அதே இலக்கம் ஒட்டப்படும். ஷிஃபானாவுடையது ஏழு. ஒரு மாதத்துக்கு முன் ஏழாம் இலக்க டப்பாக்கள் ஓட்டுத் துண்டோடு கொழும்பிலிருந்து திரும்பி வந்தன. சனிக்கிழமை கதிரை போட்டார்கள். மிதவையைப் பிடித்துக்கொண்டு ஷிஃபானா சொன்னாள்: "என்ட கை எனக்குத் தெரியும் அக்கா. ஓடு விட்டது நான் இல்ல." ஆருக்கு நொந்தது என்று கேட்டபோது முதலாளிக்கு என்றார்கள், பட்டறையின் பேருக்கு என்றார்கள். ஷிஃபானாவுக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. கொஞ்ச நாளைக்கு அவள் பெட்டி கழுவட்டும் என்று முடிவாயிற்று. அந்த ஓடு குணேஸ்வரியின் விரலையும் தப்பித்தான் கொழும்புக்குப் போயிருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் பட்டறை அல்லோலகல்லோலப்படும். ஜும்ஆத் தொழுகைக்கு முன் மூடவேண்டும், லொறி பதினொன்றரைக்கே வந்து நிற்கும். நேற்று, வெள்ளிக்கிழமை, அப்படி அவசரத்தில் ஓடுப்பட்டுக்கொண்டு நின்றபோது, இரண்டு தட்டுகள் சரிந்து டோக்கன்கள் ஐஸுக்குள் விழுந்தன. குணேஸ்வரியின் கை தன்பாட்டில் ஒன்றை எடுத்து, கிட்டக் கிடந்த தட்டில் போட்டது. எந்த டோக்கன் எந்தத் தட்டினுடையது என்று பார்க்கவேயில்லை. போட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. ஏழாம் இலக்கம் திரும்பி வந்த அந்தச் சரக்கும் ஒரு வெள்ளிக்கிழமைச் சரக்கு. அன்றைக்கும் தட்டு சரிந்தது. அன்றைக்கும் இதே கை இப்படித்தான் போட்டது. ஏழாம் இலக்கம் யாருடைய தட்டில் விழுந்ததோ.

அவரைத் தவிர ஒருவரும் அதைக் காணவில்லை. நேற்றுப் பட்டறை மூடும்போது, கழுவின பெட்டிகளை அடுக்கிக்கொண்டே ஷிஃபானா சொன்னாள்: "நாளைக்குச் சனியோட வேலைய விடுறன் அக்கா. பெட்டி கழுவ எண்டு நான் இஞ்ச வரல்ல." குணேஸ்வரி "ஓம்" என்று மட்டும் சொன்னார். வாயைத் திறந்தால் இனித் தன் கதிரையை யார் மதிப்பார்கள் என்ற பயம். திறக்காவிட்டால் கெட்ட பேரோடு ஒரு பிள்ளை பஸ் ஏறப்போகிறாள். சைக்கிளில் லிங்கநகர் போய்ச் சேரும்வரை வழியில் கண்டவர்களுக்கெல்லாம் தலையாட்டினார், ஒருவருடைய முகமும் மனதில் நிற்கவில்லை.

இன்றைக்குக் கதிரை என்றதும், "ஆருக்கும் ஆருக்கும் பிரச்சினை?" என்று முதலாளி கேட்டார். குணேஸ்வரி அவருக்குக் கால் ஆடுகிற கதிரையைக் காட்டினார். கடைசியாக வந்த ஷிஃபானா, தோளில் போட்ட பையைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். வாசலோரக் கதிரை குணேஸ்வரியுடையது, கேத்தல் அங்கேதான் இருக்கும். அவர் கேத்தலைத் தூக்கி, பக்கத்தில் இருந்த, நண்டு உடைக்கிற சுஹைராவின் கையில் கொடுத்தார்.

"இண்டைக்கு நீங்க கேளுங்கோ, தங்கச்சி."

"நானா? ஆரிட்டக் கேக்கிற அக்கா?"

"என்னட்ட."

தேத்தண்ணி சுற்றி முடிந்தது. மிதவை குணேஸ்வரியின் மடிக்கு வந்தது. கேத்தலைக் கீழே வைத்துவிட்டுச் சுஹைரா, "என்ன நடந்தது?" என்று கேட்டாள்.

"அந்த வெள்ளிக்கிழமை, தட்டுச் சரிஞ்சது" என்று தொடங்கிய குணேஸ்வரி, மிதவையைக் கீழே வைத்தார். எழுந்து வட்டத்தைக் கடந்துபோய், ஏப்ரன் பைக்குள்ளிருந்து, ஒரு மாதமாகச் சும்மா கிடந்த ஏழாம் இலக்க டோக்கனை எடுத்து, ஷிஃபானாவின் மடியில் வைத்தார்.