இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில்

கல்யாணம் ஆகி என் கணவரிடம் நான் கேட்டு வாங்கிய வாக்கு ஒன்றுதான். அவரும் என் தம்பியும் ஒரே கட்டடத்தில் வேலை செய்யக் கூடாது.

இருவருக்கும் பெங்களூரில், உயரமான கட்டடங்களில் இரும்பு உத்திரம் ஏற்றி போல்ட் முடுக்கும் வேலை. பாப்பா வயிற்றில் இருந்தபோது, அமெரிக்காவின் பெரிய கட்டடங்களுக்கு இரும்பு கோத்த மோஹாக் பழங்குடியினரைப் பற்றி ஃபோனில் படித்தேன். கனடாவில் ஓர் ஆற்றுப்பாலம் கட்டும்போதே சரிந்து, அவர்களில் ஒரே ஊர் ஆண்கள் பலர் ஒன்றாகச் செத்துப்போனார்கள். அதன்பின் அந்த ஊர்ப் பெண்கள், எல்லோரும் ஒரே இடத்துக்குப் போகாதீர்கள், பிரிந்து போங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன்.

"அவங்களுக்கு உயரம்னா பயமே இல்லையாமே?" என்றான் தம்பி.

"இருந்துச்சுடா. வெளிய காட்டிக்கலை, அவ்ளோதான்."

"அப்ப நம்ம மாமா மாதிரி."

"மொத நாள் தூணைக் கட்டிப்பிடிச்சு அழுதது யாருடா?" என்று சிரித்த என் கணவர், என் வயிற்றில் கை வைத்து, "சரி புள்ள, ஆளுக்கொரு பக்கம் போறோம்" என்றார். தம்பி ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

போன மாதம் ஒரு மத்தியானம், பாலக்கோடு வீட்டில் பாப்பாவுக்குச் சோறூட்டிக்கொண்டே அவரிடம் வீடியோவில் பேசினேன். அவருக்குப் பின்னால் ஹெல்மெட் போட்ட ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாப்பா, "மாமா!" என்றாள்.

"அது வேற ஆளு கண்ணு," என்றார் அவர்.

"மாமா!"

பழக்கதோஷம். "என்ன சாமி?" என்று திரும்பிவிட்டான் என் தம்பி.

ஓசூரிலிருந்து வந்து ஒரு வருஷம் ஆகிறதாம்.

"எதிர்முனையில நிக்கறவனை நம்பித்தான் உத்திரத்துல கால் வைக்கறேன். புது ஆளை எப்படி நம்பறது?" என்றார் அவர். "நீ சொன்னவங்களும் அண்ணன் தம்பி, மாமன் மச்சானாத்தானே சேர்ந்து வேலை செஞ்சாங்க?"

அதையும் நான்தான் படித்துச் சொல்லியிருந்தேன்.

அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. "பால் குடுக்கறவ மனசு கெடக் கூடாதுன்னுதான்..." என்று இழுத்தாள்.

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் இந்த ஒரு வருஷமும் தம்பி ஃபோன் செய்யும்போதெல்லாம், "மாமா எப்படிக்கா இருக்காரு?" என்று கேட்டான். நானும், "நல்லாருக்காருடா, இப்பதான் பேசினேன்" என்று சொன்னேன். அப்போது அவர் அவன் பக்கத்திலேயே நின்றிருப்பார். சிரித்திருப்பார்களா?

அந்தக் கட்டுரையை மறுபடி எடுத்துப் படித்தேன். ஆண்கள் பிரிந்து போனதாகத்தான் இருந்தது. அந்தப் பெண்களிடமும் அப்படித்தானே சொல்லியிருப்பார்கள்?

தம்பி மறுபடி ஓசூர் போய்விட்டானாம். சத்தியம் செய்கிறான். நேற்று வீடியோவில் வந்தவன், "மாமா எப்படிக்கா இருக்காரு?" என்றான். ஃபோனைப் பாப்பாவிடம் கொடுத்தேன். அவள் அவனைத் தாண்டி, பின்னால் எட்டிப் பார்த்து, "அப்பா?" என்றாள்.

நானும் குனிந்து பார்த்தேன்.