மடிக்கொடியில் தொங்கிய செல்போன்

போன வாரம் எங்கள் செவிலிமேட்டு வீட்டு உள்ளறையில் போன் எடுக்கவில்லை என்று ஒருவரை வரவழைத்தேன். சுவரில் ஏதோ வெள்ளைப் பெட்டி மாட்டவேண்டுமாம். "வீட்ல ஒசரமான எடம் எங்க சார் இருக்குது?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியோடு சின்ன காஞ்சிபுரத்து வீட்டில் நான் அலைந்திருக்கிறேன்.

அமெரிக்காவிலிருந்த அண்ணா வாங்கிக்கொடுத்த போன் அது. எங்கள் வீட்டின் தடித்த சுவர்களுக்குள் ஒரு கோடுகூட வராது. ஜன்னல், மாடம், கிணற்றடி எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் கூடத்து மடிக்கொடியில் இரண்டு கோடு வந்தது. துவைத்த துணியை யாரும் தொட்டு மடி கெட்டுவிடாதபடி கோலால் தூக்கிப் போடுவார்களே, அந்த மூங்கில்தான். போனைச் சுருக்குப்பையில் போட்டு அங்கேயே தொங்கவிட்டேன். கீழே இறக்கினால் பேச்சு அறுந்துபோகும். முக்காலியில் ஏறி, ஈர வேட்டிக்குள் தலையை நுழைத்துப் பேசவேண்டும். அம்மா முதலில் முகம் சுளித்தாள்; அண்ணாவின் குரல் கேட்டதும் மடியாவது ஒன்றாவது என்று ஏறிவிட்டாள். பெரிய விஞ்ஞானி என்று எனக்கு நினைப்பு.

அந்த வைகாசியில் அமெரிக்காவில் மன்னிக்குப் பிரசவ நேரம். அதே சமயம் பெருமாள் கோயில் உற்சவத்தில் அப்பாவுக்குக் கைங்கரிய முறை. பிள்ளைக்குக் குழந்தை பிறந்த சேதி காதில் விழுந்தால் தீட்டு, கேட்டவர் கோயிலுக்கோ அடுக்களைக்கோ போகமுடியாது. விழாதவரை தீட்டில்லை. அப்பாவுக்கு முழங்கால் போய்க்கொண்டிருந்தது. அடுத்த முறைக்கு நிற்கமுடியாது என்று அவருக்கே தெரியும்.

உற்சவத்தின் நடுவில் ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது கொடியில் பை இல்லை. அம்மா அதைப் பின்கட்டில் தன் ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். தனக்கு இடுப்புவலி, நாலு நாள் அடுப்படியில் தளிகை என் பொறுப்பு என்றாள். அப்பா காதில் மணி விழக்கூடாது என்று ஒளித்திருக்கிறாள் என நினைத்துக்கொண்டேன். அவ்வளவு பாடுபட்டு சிக்னல் பிடித்த வருத்தத்தில் சாத்தமுதில், அதாவது ரசத்தில், இரண்டு தடவை உப்புப் போட்டேன். அப்பா அதையும் சாப்பிட்டார். அம்மா பின்கட்டை விட்டு வரவேயில்லை. ஒருமுறை தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

தீர்த்தவாரி முடிந்து, தன் முறையும் முடிந்து அப்பா வந்தார். காலைக் கழுவிக்கொண்டு நேரே பின்கட்டு நிலைப்படியில் உட்கார்ந்தார்.

"இப்போ சொல்லு. என்ன கொழந்தை?"

"பொண்ணு," என்றாள் அம்மா. "ரெண்டு பேரும் சௌக்கியமா இருக்கா."

"நீ அடுக்களைக்கு வராதப்பவே தெரியும்" என்றார் அப்பா. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் எல்லாருக்கும் சேதி போய்ச் சேர்ந்திருந்தது, சிக்னல் பிடித்தவனைத் தவிர.

அந்த வீடு இப்போது லாட்ஜ் ஆகிவிட்டது. அப்பாவும் அம்மாவும் இல்லை. எங்கள் சொந்தத்தில் இப்போது குழந்தை பிறந்தால், குளிப்பாட்டுவதற்குள் நாற்பது பேர் போனில் படம் பார்த்துவிடுகிறோம். அம்மாவோ பேத்தி பிறந்த சந்தோஷத்தை நாலு நாள் வாயைத் திறக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எதுக்கும்மா சிரிக்கறே?" என்று நான் ஒருதடவைகூடக் கேட்கவில்லை.