ஒப்புகைச் சீட்டும் என் ஊறுகாய் ஜாடி நகைச்சுவையும்

ஆக்லாந்தில் எலக்ட்ரீஷியன் ஒருவர் வீட்டுக்கு வந்தால், பெல்லை அழுத்திய கையோடு கழுத்தில் தொங்கும் அட்டையைக் கழற்றி நம்மிடம் நீட்டுவார். வந்த புதிதில் நான் அதை விசிட்டிங் கார்டு என்று நினைத்து, "தேங்க் யூ" சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மனிதர் உள்ளே வராமல் தூறலில் நின்றார். உபசாரம் போதவில்லை போலிருக்கிறது என்று "டீ?" என்றேன். அவர் என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ரோஜா வெட்டிக்கொண்டிருந்த மார்கரெட் அம்மாள்தான் காப்பாற்றினார். அந்த அட்டையில் இருக்கும் எண்ணை அரசாங்கப் பதிவேட்டில் தட்டிப் பார்க்க வேண்டுமாம். லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, அவர்மேல் ஏதாவது ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்று தெரிந்தபிறகுதான் உள்ளே விட வேண்டுமாம். தட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. என்னமோ நான் அவரைப் பாராட்டிவிட்டது போல அந்த எலக்ட்ரீஷியன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

இதை எங்கள் ஊர் விருத்தாசலத்தில் செய்து பாருங்கள். எங்கள் வீட்டு மோட்டார் ரிப்பேருக்கு வந்த ஒருவரிடம் என் அப்பா ஒரே ஒரு முறை, "இந்த மாடல் பாத்திருக்கியாப்பா?" என்று கேட்டுவிட்டார். அவர் ஸ்பேனரைப் பைக்குள் போட்டு, "நம்பிக்க இல்லன்னா எதுக்குங்க கூப்ட்டீங்க?" என்று சைக்கிளைத் திருப்பினார். அம்மா இரண்டு காபி போட்டுக் கொடுத்துத்தான் சைக்கிளை மறுபடி திருப்ப முடிந்தது. எங்கள் ஊரில் ஒரு ஆளைப் பற்றிக் கேட்பது "எங்கே பதிவாகியிருக்கிறது?" என்றல்ல, "யார் சொன்னது?" என்றுதான். ஸ்டேஷன் ரோட்டு மளிகைக்காரர் சொன்னார் என்றால் மேலே பேச்சில்லை. சொல்கிறவர்தான் பதிவேடு. இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. பொய் சொன்ன மளிகைக்காரர் மறுநாளும் அதே கடைத்தெருவில் ஷட்டரைத் தூக்கியாக வேண்டும். பத்துப் பேர் முகத்தில் விழிக்க வேண்டும். அந்த பயமே போதுமான சட்டமாக இருந்தது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், சொல்கிறவர் கடல் தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டு, கடைத்தெருவில் நடக்க வேண்டிய அவசியமே இல்லாமல் சொல்லும்போது. அந்தச் சொல்கிறவர் நான்தான்.

பதினெட்டு வருடத்தில் நான் நன்றாகத் தேறிவிட்டேன். பிளம்பர், பல் டாக்டர், மகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க வந்த பெண் என்று ஒருவரையும் பதிவேட்டில் பார்க்காமல் விட்டதில்லை. அப்படிப்பட்ட நான், எங்கள் வட்டாரத்திலிருந்து வெளிநாடு போனவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். துபாயில் இருக்கும் திட்டக்குடி நண்பர் அனுப்பியிருந்தார். விருத்தாசலத்தில் தயாராகி, இங்கிலீஷ் பெயரில் ஆன்லைனில் விற்கும் ஒரு பீங்கான் ஊறுகாய் ஜாடி. "ஈயம் இல்லாதது" என்று விளம்பரம். ஒரு யூடியூப்காரர் அதை வாங்கி, ஜாடியின் பளபளப்புப் பூச்சில் ஈயம் இருந்தால் சிவக்குமாம் என்று ஏதோ ஒரு குச்சியைத் தேய்த்து, குச்சி சிவந்துவிட்டது, இது மோசடி என்று சத்தம் போட்டிருந்தார். கீழே நூற்றுக்கணக்கில் கருத்துகள். நானும் ஏமாந்தேன், என் மாமியாரும் ஏமாந்தார், உள்ளே தள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, அரசாங்க முத்திரையோடு, புகார் எண் போட்ட ஒரு தாள். முத்திரையைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. அன்று சாயங்காலமே குழுவுக்கு ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதினேன். "இந்த ஜாடியில் போட்ட ஊறுகாய் வருஷக்கணக்கில் கெடாது. சாப்பிடுகிறவர்தான் கெடுவார்" என்று ஆரம்பித்து, "லைசென்ஸை ரத்து செய்தாகிவிட்டது" என்று முடித்தேன். ரத்து என்று அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. கட்டுரைக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். குழுவுக்குக் குழு அது பறந்தது. எழுத ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு அவ்வளவு வாசகர்கள் கிடைத்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து அக்கா மகன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். மண்டபத்தில் நல்ல மரியாதை. "ஜாடி மேட்டர் எழுதுனவரு இவருதான்" என்று என்னைக் காட்டிச் சொன்னார்கள். நான் தலையைச் சாய்த்து, அடக்கம் போலத் தெரிகிற ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். கை கழுவுகிற இடத்தில் நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் எனக்காகக் குழாயடியை விட்டு ஒதுங்கி நின்றார்.

"அண்ணே, நான் கலைவாணி. உங்களோட படிச்சாரே செல்வம், அவரு தங்கச்சி. நல்லாருக்கீங்களா?"

செல்வத்தைப் பற்றி விசாரித்தேன். சொன்னார். பிறகு, "நீங்க எழுதுனத எங்க வூட்டுக்காரருதான் சத்தமாப் படிச்சாரு. வுழுந்து வுழுந்து சிரிச்சோம்ணே. பாதியிலதான் அது எங்க ஜாடின்னு தெரிஞ்சுது" என்றார்.

ஈரக் கையைத் துடைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. "உங்களோடதா?" என்றேன்.

"எங்களோடதுதான். நாளைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. கோவம்லாம் இல்ல. ஒரு வேல ஆவணும்."

பீங்கான் தொழிற்கூடங்கள் வரிசையாக இருக்கும் பகுதியில் அவருடைய ஷெட். மறுநாள் காலை ஆட்டோவில் போய் இறங்கினேன். வழக்கமாக ஆறு பெண்கள் வேலை செய்யும் இடம் காலியாக இருந்தது. சுடாத ஜாடிகள் பலகைகளில் வரிசையாக, மேலே தூசியோடு. சூளை நிறையாமல் கொளுத்தினால் கட்டுப்படியாகாது, நிறைகிற அளவுக்கு ஆர்டர் இல்லை என்றார் கலைவாணி. இருந்த பெரிய ஆர்டர் ஒன்றே ஒன்று. அது எங்கிருந்து தெரியுமா? ஆக்லாந்தில் எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத் தொலைவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவர் கொடுத்தது. அவரிடம்தான் நான் முருங்கைக்காய் வாங்குகிறேன். "உங்க ஊர்க்காரரே, இங்க இருக்கறவரே எழுதியிருக்காரும்மா, நான் எப்படி எறக்குவேன்?" என்று கேட்டு நிறுத்தி வைத்திருக்கிறார். இந்த மாதத்துக்குள் அது திரும்பி வராவிட்டால் ஷெட்டைப் பூட்டுவதுதான் என்றார். குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை.

ஒரு ஃபைலைப் பிரித்து வைத்தார். முதல் தாள் எனக்குத் தெரிந்த அதே முத்திரைத் தாள். "இத நல்லாப் படிங்கண்ணே" என்றார். படித்தேன். 'தங்கள் புகார் பெறப்பட்டது' என்று இருந்தது. அது ஒப்புகைச் சீட்டு. யார் எதைப் பற்றி எழுதிப் போட்டாலும் கிடைப்பது. அண்டை வீட்டு நாய் குரைக்கிறது என்று ஆக்லாந்து கவுன்சிலுக்கு நானே ஒருமுறை எழுதி இப்படி ஒரு எண் வாங்கியிருக்கிறேன். அதனால் அந்த நாய் குற்றவாளி ஆகிவிடவில்லை. கவுன்சில் ஆள் வந்து பார்த்து, குரைப்பு நியாயமான அளவில்தான் இருக்கிறது என்று எனக்குக் கடிதமும் எழுதினார். நாய்க்குக் கிடைத்த விசாரணைகூட என் கையால் கலைவாணிக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த தாள், அதிகாரிகள் ஆன்லைன் கிடங்கிலிருந்தும் ஷெட்டிலிருந்தும் தாங்களே எடுத்துப்போன ஜாடிகளின் ஆய்வக அறிக்கை. அளந்து சொல்லும் அளவுக்குக்கூட ஈயம் இல்லை. மூன்றாவது தாள் உத்தரவு. புகார் முடித்து வைக்கப்படுகிறது, ஆனால் விளம்பரத்தில் 'டாக்டர்கள் பரிந்துரைப்பது' என்ற வரிக்கு ஆதாரம் இல்லை, அதை நீக்க வேண்டும். நான் அந்த வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கும் நினைத்தால் கூசுவது இதுதான்.

"பாத்தீங்களா, ஏதோ ஒரு தப்பு இருந்திருக்குதே?" என்றேன்.

"இருந்துதுண்ணே. விளம்பரம் எழுதித் தர்றவங்க அப்புடிப் போட்டாங்க, நானும் நல்லாருக்குதேன்னு வுட்டுட்டேன். எந்த டாக்டரும் சொல்லல. எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டேன்." ஒரு டீயை என் முன்னால் வைத்தார். "நீங்க அத எழுதியிருந்தா எனக்கு ஒண்ணுமே இல்ல. அது உண்மையாச்சே."

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் போனை எடுத்தேன். புகார் எண்ணை, முத்திரையில் இருந்த துறையின் இணையதளத்தில் தட்டினேன். அவர் கொடுத்த டீ ஆறுவதற்குள் உத்தரவு வந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி, தேதியோடு. நான் எழுதியதற்குப் பதினோரு நாள் முன்னாலேயே அது அங்கே இருந்திருக்கிறது. எலக்ட்ரீஷியனை மழையில் நிறுத்திப் பதிவேடு பார்த்தவன், சொந்த ஊர் விஷயத்தில் பார்க்கவில்லை. ஏன்? நம்ம ஊரைப் பற்றி நமக்குத் தெரியாதா என்ற எண்ணம்தான். அதற்குள்ளே இன்னொன்றும் இருந்தது. நம்ம ஊரில் இப்படித்தான் நடக்கும் என்று நம்ப நான் தயாராக, ஏறக்குறைய ஆசையாக இருந்திருக்கிறேன். விட்டு வந்தது சரிதான் என்று யாராவது எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒரு யூடியூப்காரர் போதுமாக இருந்தார்.

அங்கேயே உட்கார்ந்து குழுவுக்கு மறுப்பு எழுத முயன்றேன். முதல் வரியிலேயே ஒரு கிண்டல் வந்து உட்கார்ந்தது, என்னைப் பற்றியே. கலைவாணி எட்டிப் பார்த்துவிட்டு, "சிரிப்பு வேணாங்கண்ணே" என்றார். "சிரிச்சிட்டுப் பூடுவாங்க. எதுக்கு எழுதுனீங்கன்னு ஒருத்தருக்கும் நெனப்பு இருக்காது." மூன்று முறை அழித்தேன். நகைச்சுவை இல்லாமல் ஒரு பத்தி எழுத எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அனுப்பினேன். திட்டக்குடி நண்பர் கைகூப்பும் பொம்மை ஒன்று போட்டார். அதன் கீழே வேறொருவர் துபாய் மழை வீடியோ போட்டார். அதற்கு எல்லோரும் பதில் எழுதினார்கள்.

"அது கெடக்கட்டும்" என்றார் கலைவாணி. "எனக்கு வேணுங்கறது கடக்காரருக்கு ஒரு லெட்டரு. டைப் அடிச்சா நம்ப மாட்டாராம். உங்க கையால, கையெழுத்தோட." கோடு போட்ட தாளையும் பேனாவையும் எடுத்து வைத்தார். நான் இடது மேல் மூலையில் அனுப்புநர் என்று எழுதி, விருத்தாசலத்தில் அக்கா இருக்கும் எங்கள் பழைய வீட்டு விலாசத்தை ஆரம்பித்தேன். கடைத்தெருவில் நின்று பேசுகிறவனாக, ஒரு முறையாவது, எழுத வேண்டும் என்று தோன்றியது.

"அது வேணாங்கண்ணே" என்று விரலால் மறித்தார். "இந்த வூட்டு விலாசம் போட்டா, நான்தான் இங்க யாரையோ புடிச்சி எழுதி வாங்கிட்டேன்னு நெனப்பாரு. அந்த ஊரு விலாசம் போடுங்க. அத வச்சிதான அன்னைக்கி நம்புனாங்க?"

வேறு தாள் கொடுத்தார். ஆக்லாந்து வீட்டு எண், தெரு, அஞ்சல் குறியீடு. அதன் கீழே, விசாரிக்காமல் எழுதினேன், லைசென்ஸ் ரத்தானது என்று நான் சொன்னது பொய், ஆய்வில் ஜாடி தேறியிருக்கிறது, நீக்கச் சொன்ன விளம்பர வரியை நீக்கிவிட்டார்கள், உத்தரவைப் பார்க்க இதுதான் எண், நீங்களே பாருங்கள் என்று நேராக எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை வைத்தேன். கலைவாணி தாளைத் திருப்பிப் படித்து, மறுபடி என் பக்கம் நகர்த்தி, இடது கீழ் மூலையைத் தொட்டுக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததை மறந்திருந்தேன். 'இடம்' என்று எழுதி, விருத்தாசலம் என்று போட்டேன். தாளின் மேலே ஓர் ஊர், கீழே ஓர் ஊர், நடுவில் நான் செய்தது. அவர் அதைப் போனில் படம் பிடித்துக் கடைக்காரருக்கு அனுப்பிவிட்டு, மடிக்காமல் ஃபைலில் வைத்தார், உத்தரவுக்கு அடுத்த தாளாக.