பெல்ட் இல்லாத நாய்கள் கவனத்துக்கு

போன திங்கட்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்தில் நாய்களுக்கு விதிமுறை வந்தது. தலைமையாசிரியர் காலைப் பிரேயரில் வாசித்தார். நாய்கள் புளியமரத்தைத் தாண்டி வரக்கூடாது. கழுத்தில் பெல்ட் இல்லாத நாயை வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து ஆட்கள் வந்து பிடித்துப் போவார்கள். நாய்கள் எதுவும் பிரேயரில் இல்லை என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அவரையும் குறை சொல்ல முடியாது. மதியச் சாப்பாடு போட ஆரம்பித்ததிலிருந்து செந்துறை நாய்களில் பாதி இங்கேதான். பிள்ளைகளைவிட அட்டெண்டன்ஸ் அதிகம். அதில் ஒன்று, தட்டோடு நின்ற ஒன்றாம் வகுப்புப் பையனைக் கடித்தும் விட்டது.

ஆனால் செவலை சாப்பாட்டுக்கு வருகிற நாய் இல்லை. என் ஏழாம் வகுப்பு செல்விக்குத் துணையாக வருகிற நாய். அவள் வீடு முந்திரிக் காட்டுக்கு அந்தப் பக்கம், அவர்கள் கொல்லை நிலத்திலேயே. காலையில் கொண்டுவந்து விடும், புளியமரத்தடியில் படுத்திருக்கும், சாயங்காலம் கூட்டிப்போகும். காட்டு வழியில் பெண் பிள்ளை தனியாக வரக்கூடாது என்பது அவள் அப்பா போட்ட விதி. நாய் இல்லையென்றால் படிப்பும் இல்லை.

சரி... பெல்ட்டுக்கு எங்கே போவது? எங்கள் ஊரில் ஆண்களே பாதிப் பேர் அரைஞாண் கயிற்றோடு சரி.

வியாழக்கிழமை செல்வி ஒரு சடையில் நீல ரிப்பனும் இன்னொன்றில் வாழைநாருமாக வந்தாள். எங்களிடம் பழைய விதி ஒன்றும் உண்டு - பெண் பிள்ளைகளுக்கு ரெட்டைச் சடை, இரண்டிலும் நீல ரிப்பன். மீறினால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். இன்னொரு ரிப்பன் எங்கே என்று கேட்டேன்.

"செவல கழுத்துல கட்டிட்டேன் டீச்சர். அத புடிச்சிட்டுப் போயிட்டா எங்கப்பா என்னைய நிறுத்திடும்."

ஜன்னல் வழியே பார்த்தேன். மரத்தடியில் செவலை, கழுத்தில் ரிப்பன், அழகான பூ முடிச்சு வேறு. இவளை எந்த வாயால் வெளியே நிற்கச் சொல்வது? உட்காரச் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆட்கள் சுருக்குக் கயிறும் சாக்குமாக வந்தார்கள். மரத்தடியில் நாய்கள் வரிசையாகப் படுத்திருந்தன. எல்லாம் நீல ரிப்பனோடு! பள்ளிக்கூடத்தில் இரண்டு சடையிலும் ரிப்பன் உள்ள பெண் பிள்ளை ஒன்றுகூட இல்லை. பையனைக் கடித்த நாய்க்கு மட்டும் யாரும் கட்டவில்லை. அது சாக்குக்குள் போனது. பிள்ளைகளின் நியாயம் கொஞ்சம் கறார்தான்.

வந்தவர்களில் மூத்தவர் தலையைச் சொறிந்தார். "பெல்ட்டுன்னா தோல்லதான் இருக்கணுங்களா சார்? இப்புடி இருந்தா ஆவுமா?"

தலைமையாசிரியர் நாய்களைப் பார்த்தார். வராந்தாவில் நின்ற சடைகளைப் பார்த்தார். செல்வி அழுதுவிடுவாள் போலிருந்தது. நானும்தான்.

"ஆவும். நீங்க போயிட்டு வாங்க," என்றார்.

விதி என்று ஒன்றைப் போட்டுவிட்டால் அதைக் காப்பாற்றத்தானே வேண்டும்? இந்தத் திங்கட்கிழமை பிரேயரில் புது அறிவிப்பு வாசித்தார். முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு இனி ரிப்பன் கட்டாயமில்லை. நாய்களுக்குக் கட்டாயம்.